அம்மா கேட்ட நீலம்

எங்கள் வீட்டில் நிறத்தை வைத்துப் பிழைப்பவர்கள் இரண்டு பேர். முன்னறையில் அம்மா ஜாக்கெட் தைக்கிறாள். அடுத்த அறையில் நான் கோள்களுக்கு வானம் செய்கிறேன். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. பகலில் அதைச் சாத்துவதில்லை. அந்தக் கதவு வழியாக அம்மாவின் கண்ணை நான் எத்தனையோ முறை இரவல் வாங்கியிருக்கிறேன். அவள் தேவைப்பட்டு என் கண்ணைக் கேட்டது ஒரே ஒரு முறை.

என் வேலையை எங்கள் ஊரான விக்கிரமசிங்கபுரத்தில் யாருக்கும் நான் முழுதாக விளக்கியதில்லை. பெங்களூரில் ஒரு சிறிய குழு இருக்கிறது. அவர்கள் செய்வது பிரவுசரிலேயே திறக்கும் ஒரு விண்வெளி. எதையும் இறக்கிக்கொள்ள வேண்டாம். இணையச் சுட்டியைத் தட்டினால் போன் திரையில் ஒரு கோள் வந்து நிற்கும். விரலால் அதைச் சுற்றலாம். மேலிருந்து இறங்கி, அதன் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். மலையும் கடலும் மேகமும் வேறு ஆட்கள் செய்வார்கள். தரைக்கும் வெறுமைக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய காற்று மட்டும் என் பொறுப்பு. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும், அந்த இடத்தில் எவ்வளவு காற்றைக் கடந்து வெளிச்சம் வருகிறது, வழியில் எந்த நிறம் எவ்வளவு சிதறிப் போகிறது என்று கணக்குப் பார்த்து நிறம் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கை எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எதையும் வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டால்தான் எனக்கு வேலை ஓடும். வானத்துக்கு என்ன வேண்டும் என்று இப்படி எழுதி மேசைக்கு மேலே ஒட்டியிருந்தேன்:

ஒன்று, காற்றின் நுண்துகள்கள். இவை நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும். பகல் வானம் இவற்றால் வருகிறது.

இரண்டு, தூசியும் ஈரமும். இவை சூரியனைச் சுற்றி வெளிறிய ஒளிவட்டம் போடும்.

மூன்று, சிக்கனம். இவ்வளவு கணக்கையும் மலிவான போன் சூடாகாமல் போட வேண்டும்.

பார்க்கிற கண் என்று நான்காவதாக ஒன்று உண்டு. அதை நான் எழுதவில்லை. அது அடுத்த அறையில் இருக்கிறது என்ற நினைப்பு.

அம்மாவின் கண்ணுக்கு எங்கள் பகுதியில் ஒரு மரியாதை இருந்தது. பெண்கள் சேலையைக் கொண்டுவந்து விரிப்பார்கள். அம்மா அதை ஒரு தடவை பார்ப்பாள். பிறகு நூல்கண்டுப் பெட்டிக்குள் கையை விட்டு, ஒத்துப் பார்க்காமலே ஒரு கண்டை எடுத்துப் போடுவாள். அது அந்தச் சேலையிலிருந்தே உருவிய நூல் மாதிரி இருக்கும். வானநீலம், ஆனந்தா நீலம், மயில்கழுத்து, கத்திரிப்பூ என்று நிறங்களின் பேர் எனக்கு அவளிடமிருந்து வந்தவை. கல்லூரியில் நிறத்தை மூன்று எண்களாக எழுதச் சொல்லித் தந்தபோது, மயில்கழுத்துக்கு என்ன எண் என்றுதான் முதலில் தேடினேன்.

அப்போது என் கையில் இருந்த கோள் கற்பனையானது. பூமியைவிடக் கொஞ்சம் பெரியது, காற்று கொஞ்சம் கனத்தது. அதனால் ஒப்பிட்டுப் பார்க்கப் புகைப்படம் கிடையாது. கணக்கு ஒரு நீலத்தைத் தந்தது. அது சரிதானா என்று கேட்க எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

"எம்மா, இங்கன வந்து பாரேன். வானம் எப்படி இருக்கு?"

கழுத்தில் தொங்கும் டேப்போடு அம்மா வந்து நின்றாள். "வெளுத்துக் கெடக்கே. கஞ்சி போட்டுக் காயப்போட்ட வேட்டி கெணக்கா."

"கணக்குப்படி வர்ற நீலம் இதுதாம்மா."

"கணக்குப் பாத்தா ஒருத்தி சேல எடுக்கா? கண்ணால பாத்துல்லா எடுக்கா. கூட்டுட்டி."

கூட்டினேன். அடுத்த நாள் மறுபடியும் கூப்பிட்டேன். "இன்னும் கொஞ்சம்" என்றாள். கூட்டினேன். நீலத்தைக் கூட்டினால் அதோடு நிற்காது. அந்தி நேரத்தில் வெளிச்சம் அதிகக் காற்றைக் கடந்து வருவதால், நீலமெல்லாம் வழியிலேயே சிதறி மிச்சம் ரத்தச் சிவப்பாக வந்து சேரும். அதைச் சமாளிக்க வேறு இரண்டு எண்களை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை நான் விருப்பத்தோடு செய்தேன். கணக்கு சொன்னதைவிட அம்மா சொன்னது எனக்குப் பெரிதாக இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். சூரியனைச் சுற்றி ஒளிவட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னட்டி, சூரியனுக்கு மோதிரம் போட்டு வச்சிருக்க?"

"வட்டம் சின்னதா இருக்கோ?"

"தெருவிளக்கச் சுத்தியே எம்புட்டுப் பெருசா நிக்கு பாரு. சூரியனுக்கு அதவிட வேண்டாமா?"

சிரித்துவிட்டு, 'ஒளிவட்டம், அகலம் கூட்டு' என்று குறித்துக்கொண்டேன். அவள் காட்டிய தெருவிளக்கு என் நாற்காலியிலிருந்து ஜன்னல் வழியே தெரியும். மழையில்லை, பனியில்லை, தெளிவான சாயங்காலம். விளக்கைச் சுற்றி ஒரு வட்டமும் இருந்திருக்காது. ஆனால் அதைப் பார்க்க நான் திரும்பவில்லை. வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் தெரிந்தால் நடுவில் ஏதோ கலங்கல் இருக்கிறது என்பது என் பட்டியலின் இரண்டாவது வரி. மேசைக்கு மேலேயே ஒட்டியிருந்தது.

இப்போது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல முடிகிறது. அம்மா தையல் மெஷினை அறையின் நடுவிலிருந்து வாசல் பக்கம் நகர்த்தியிருந்தாள். பட்டப்பகலில் டியூப் லைட்டைப் போடச் சொன்னாள். நூல் கோக்கும்போது ஊசியைக் கண்ணருகே கொண்டுபோகாமல் விரல் நுனியால் தடவிக் கோத்தாள். கடையிலிருந்து வரும் நூல்கண்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் நிற எண்ணைப் பிய்த்துப் போடாமல் வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். இவ்வளவும் என் கண் முன்னால்தான் நடந்தது.

கோளை வெளியிடும் நாள் நெருங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. அந்தி வானம் வழவழவென்று மங்குவதற்குப் பதில், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டின மாதிரி வளையம் வளையமாகப் பிரிந்து நின்றது. என் லேப்டாப்பில் இல்லை; சாதாரண போன்களில் மட்டும். அப்பாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டு காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டினேன். அப்பா போனில்லாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு மில் ஷிப்டுக்குப் போயிருந்தார்.

அன்றைக்கு அம்மாவிடம் தைக்க ஒரு நிச்சயதார்த்தச் சட்டை இருந்தது; ஜாக்கெட்டை எங்கள் ஊரில் சட்டை என்போம். அடுத்த தெருவில் ஒருத்தியின் மகளுக்கு. அம்மாவை 'எக்கா' என்று கூப்பிட்டுப் பழகியவள். நான் அவளைச் சித்தி என்பேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த பட்டு, ஆனந்தா நீலம். கரையில் ஓடும் கருநீலக் கோட்டுக்கு ஒத்தாற்போல் கைக்கும் கழுத்துக்கும் ஓரத்தில் மெல்லிய பட்டியாகப் பைப்பிங் வைக்க வேண்டும். அம்மா பெட்டியிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றாள்.

"ஏட்டி, இது நீலந்தானே?"

என் திரை முழுக்க நீலம். "ஆமாம்மா" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

நான் திரும்பவே இல்லை. அவள் ஒரு நிமிடம் நின்றாள் என்று நினைக்கிறேன். பிறகு மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. எனக்கு அது வழக்கமான சத்தம். சாயங்காலத்துக்குள் வளையங்களைச் சரிசெய்துவிட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு அம்மாவும் அப்பாவும் போனார்கள். எனக்கு வேலை இருந்தது. சாப்பாட்டுக்கு முன்பே இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். அம்மா தலைவலி என்று படுத்தாள். அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "ஒண்ணுமில்ல, வெயிலு" என்றார்.

மறுநாள் காலை குழுவுக்கு முன்னால் கோளைக் காட்டும் கூட்டம். கேமரா போட்டிருந்தேன். என் கோள் திரையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தபோது, வெளியே வாசலில் சித்தியின் குரல் கேட்டது.

"எக்கா, ஒன்ன நம்பித்தான குடுத்தேன்? மாப்பிள வீட்டுச் சேலைக்குக் கருப்பு வச்சுத் தச்சுக் குடுத்திருக்கியே!"

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

"மண்டபத்துல சன்னல் வெளிச்சத்துல வச்சு அந்தப் பையனுக்க அத்த எம் பிள்ள கையத் தூக்கிப் பாக்கா. 'எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே கருப்புக் கட்டிட்டு வாராளோ'ங்கா. அம்புட்டுப் பேரு முன்னால. பெறவு பழைய பச்சச் சட்டய மாத்திக்கிட்டு நிக்கா எம் பிள்ள. போட்டோ பூரா அந்தப் பச்சதான்."

"எந் தப்புதான் தாயி. கவனமில்லாமப் போச்சு."

"நீ கவனமில்லாமத் தைக்கிற ஆளாக்கா? இத்தன வருசத்துல நூலு ஒண்ணு மாறி நான் பாத்ததில்ல. எம் பிள்ள நல்ல காரியத்துக்குத்தானா ஒனக்குக் கவனம் போவணும்?"

அம்மா சொல்லியிருக்கலாம். 'எம் மவட்டக் கேட்டேன், நீலம்ன்னா' என்று ஒரு வரி போதும். நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன்.

அதே நேரம் என் காதுக்குள் குழுத் தலைவரின் குரல். இந்த நீலத்தை எப்படிப் பிடித்தாய், இந்த உலகத்து நீலமாகவே இல்லையே என்றார். மைக்கைத் திறந்து, அம்மா தேர்ந்தெடுத்தது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். திரையின் மூலையில் சிறிய சதுரத்துக்குள் என் முகம் தெரிந்தது. அமைதியாக, பதற்றமில்லாமல், அழகாகக்கூட இருந்தது. கூட்டம் முடிந்து நான் எழுந்து போனபோது சித்தி போய்விட்டிருந்தாள். சட்டை மெஷின் மேல் கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். வெயிலில் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. நல்ல கருப்பு. அடுப்புக்கரி மாதிரி. ஒரு நொடி திரும்பியிருந்தால் போதும்.

உள்ளே வந்து லேப்டாப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சதுரம் போட்டேன். ஒன்று கருப்பு, இன்னொன்று கருநீலம்.

"எம்மா, இதுல எது நீலம்?"

"எதுக்குட்டி?"

"சும்மாதான். தெரையில எப்படித் தெரியுதுன்னு பாக்கேன்."

அம்மா முதலில் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து, திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை வைக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டும் ஒண்ணுதான."

"இடது பக்கம் கருப்பும்மா."

"நீ கருப்புன்னா கருப்பு."

"எப்பயிருந்தும்மா இப்படி?"

"போன ஆடிக்கு முன்னாலயே கொஞ்சம் மஞ்சக் காட்டுச்சு. வயசானா வாரதுதான்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லயே."

அம்மா சட்டையை மடித்தாள். "ஒங்கிட்டதான கேட்டேன்" என்றாள்.

கோபத்தோடு சொல்லவில்லை. கத்தரிக்கோலை எங்கே வைத்தேன் என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். அவள் உள்ளே போன பிறகும் நான் அந்த இரண்டு சதுரங்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதானால் மஞ்சளிக்கும், கலங்கும் என்று எனக்குத் தெரியும். மஞ்சளித்த லென்ஸ் முதலில் விழுங்குவது நீலத்தை. அதனால்தான் கருநீலம் கருப்பாகிறது, என் வானம் கஞ்சி போட்ட வேட்டியாகிறது. கலங்கல் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அதனால்தான் தெருவிளக்கைச் சுற்றி வட்டம். ஒரு கோளின் காற்றுக்கு நான் மாதக்கணக்கில் போட்ட அதே கணக்கு, ஒரு மொச்சைக்கொட்டை அளவு இடத்தில். கேள்வித்தாளையும் விடையையும் அம்மா தினமும் என் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். நான் இரண்டையும் கோளின் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

அன்றே ஒரு பட்டியல் போட்டேன். கண் டாக்டரிடம் நேரம் வாங்குவது. வானத்தின் எண்களைப் பழையபடி மாற்றுவது. சித்தியிடம் போய் உண்மையைச் சொல்வது. மூன்றாவதைத்தான் முதலில் செய்தேன். பக்கத்துத் தெரு என்பதால் என்று அப்போது நினைத்தேன். என் மேலிருந்து உடனே இறங்க வேண்டிய பாரம் அதுதான் என்பதே உண்மைக் காரணம்.

சித்தி முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "என்ன, ஒங்கம்ம அனுப்புனாளா?" என்றாள்.

"இல்ல சித்தி. நானாத்தான் வந்தேன். அந்தப் பைப்பிங் துணி நீலந்தானான்னு அம்மா எங்கிட்டக் கேட்டா. நான் திரும்பிப் பாக்காமயே ஆமான்னுட்டேன். தப்பு எம்மேலதான்."

கீரை உருவுகிற கை நின்றது. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டு வாங்கத் தயாராகவும் போயிருந்தேன்.

"நீலமா கருப்பான்னு ஒங்கம்ம ஒங்கிட்டக் கேட்டாளா?"

"ஆமா."

"அப்பம் அவளுக்கு நெறம் தெரியலயா?"

"அப்படியில்ல சித்தி, நீலம் மட்டும் கொஞ்சம்…"

"எம்புட்டு நாளா?"

அவள் கீரைக் காம்பை ஓரமாகத் தள்ளினாள். "பாவம்" என்றாள். உண்மையாகவே பாவப்பட்டுத்தான் சொன்னாள். பிறகு, "கல்யாணச் சட்டைய அம்பாசமுத்திரத்துல குடுத்துட்டேன். அது கெடக்கு. எங்க மதினி சேல ஒண்ணு ஒங்க வீட்டுல தைக்கக் கெடக்கும். வெட்டியிருக்காட்டா எடுத்துக் குடுத்துரு பிள்ள" என்றாள்.

அந்த வாரமே பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் ஒரு சொல் கூடுதலாகப் பேசவில்லை. "அவசரமில்லக்கா, ஊருக்குப் போறோம், வந்து தாரேன்." "பிள்ளைக்கு ரெடிமேட் எடுத்துட்டோம்க்கா." "ஒனக்கு எதுக்குச் செரமம், பைய ஒடம்பப் பாரு." அம்மா ஒவ்வொரு துணியையும் மடித்து, அவரவர் பையிலேயே போட்டுக் கொடுத்தாள். கடைசியாக வந்தவள் போன பிறகு என் கதவருகே வந்து நின்றாள். அன்றைக்கு நான் உடனே திரும்பினேன்.

"நீ போயி அவட்ட என்னத்தச் சொன்ன?"

சொன்னேன்.

"ஏட்டி, கவனமில்லாமத் தச்சுட்டான்னா ஒரு மாசம் பேசுவாளுவ. அடுத்த சட்டய நல்லாத் தச்சுக் குடுத்தா மறந்துருவாளுவ. கண்ணு தெரியாதவன்னா எவ துணி தருவா?"

"பழி ஒனக்கு எதுக்கும்மா? நாந்தானப் பாக்காமச் சொன்னேன்."

"அதுக்கு? ஒம் பாரத்த எறக்கி வைக்க என் தலதான் கெடச்சுதா?"

உண்மையைச் சொல்வது நல்லது என்று என் பட்டியலில் இருந்தது. யாருடைய உண்மை, யாரிடம் கேட்டுச் சொல்வது என்று அதில் இல்லை. பார்க்காமல் ஆமா என்றதைவிட, பார்த்து யோசித்து அங்கே போனதுதான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது. முதலாவது அசட்டை. இரண்டாவதை நான் நல்ல காரியம் என்று நினைத்துச் செய்தேன்.

கண் ஆஸ்பத்திரிக்கு வர அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. "இனி யாருக்குத் தைக்கப் போறேன்?" என்றாள். அப்பாதான் வழிக்குக் கொண்டுவந்தார். "எனக்காவது ஒரு சட்ட தச்சுக் குடு. மில்லுல எல்லாவனும் எங் காலரப் பாத்துச் சிரிக்கான்" என்று அவர் சொன்னதும், "நீரு காலரக் கடிச்சுக்கிட்டுல்லா திரியுதீரு, நான் என்ன செய்ய" என்று அம்மா சிரித்துவிட்டாள். திருநெல்வேலிக்கு முதல் பஸ்ஸில் போனோம். டாக்டர் இது கண்புரைதான், வலது கண்ணை முதலில் செய்யலாம், இடது பிறகு என்றார். எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். "இவளுக்குத் தெரியும்" என்றாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். அம்மா சொன்ன ஆடிக் கணக்கைத் தவிர, நானாக எதையும் கவனித்திருக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். நர்ஸ் விரலைக் காட்டி எண்ணச் சொன்னார். அம்மா எண்ணினாள். பிறகு அந்த அறையில் வேறு எதையும் பார்க்காமல், பக்கத்தில் நின்ற என் சுடிதாரின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"இது நான் தச்சதுதான?"

"ஆமாம்மா. பொங்கலுக்கு."

"நூலு கருப்பால்லா கெடக்கு."

குனிந்து பார்த்தேன். கருநீலத் துணி. தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் தையலெல்லாம் கருப்பு நூல். கழுத்தோரம் இரட்டைத் தையல் போட்டிருந்த இடத்தில் பளிச்சென்றே தெரிந்தது.

"இம்புட்டு நாளும் இதப் போட்டுக்கிட்டுதான திரியுத. நீ பாக்கலயா?"

"பாக்கலம்மா."

அம்மா துணியை விட்டாள். "இன்னும் எத்தன பேரு வாயத் தொறக்காமப் போட்டுக்கிட்டுத் திரியுதாளுவளோ" என்றாள். அதுவரைக்கும் ஒரு சட்டைதான் தவறிப்போனது என்று அவள் நினைத்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி மாட்டிய பிறகுதான் அவள் அழுதிருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று நர்ஸ் அதட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அம்பாசமுத்திரம் தாண்டி மலை நெருங்கி வந்ததும், கண்ணாடியை லேசாகத் தூக்கி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தாள். பிறகு மாற்றி மூடினாள். மறுபடியும் மாற்றினாள்.

"என்னம்மா?"

"இந்தக் கண்ணுல மல இருக்கு. இந்தக் கண்ணுல மலைக்கு மேல யாரோ டீயக் கொட்டிட்டான்."

நானும் சிரித்தேன். அவள் அந்த விளையாட்டை ஊர் வரும்வரை விடவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவளாகவே என் அறைக்கு வந்து, "ஒன் வானத்தக் காட்டு" என்றாள். காட்டினேன். முகத்தைச் சுளித்தாள்.

"என்னட்டி இது? சொட்டுநீலத்த மொத்தமாக் கவுத்துட்டியா?"

"நீதானம்மா கூட்டச் சொன்ன."

"நாஞ் சொன்னா? கணக்கு இருக்குன்னு நீ சொன்னேல்லா. கணக்க விட்டுட்டு எங் கண்ணப் புடிச்சித் தொங்கிருக்க. படிச்ச பிள்ளையாம்."

பழைய எண்களை மறுபடி போட்டு, குழுவுக்கு அனுப்பினேன். காரணத்தை எழுதவில்லை, இயற்பியல்படி இதுதான் சரி என்று மட்டும் எழுதினேன். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் அந்த நீலம்தான் பிடித்திருக்கிறது, புதியது வெளிறிக் கிடக்கிறது என்றார். அது அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் யாராவது பிரவுசரில் அந்தக் கோளைத் திறந்து தரையில் இறங்கினால், அம்மாவின் பழைய கண்ணுக்குச் சரியாக இருந்திருக்கக்கூடிய ஒரு வானம் தலைக்கு மேல் நிற்கும். சூரியனைச் சுற்றி அவள் பார்த்த தெருவிளக்கின் வட்டமும் இருக்கும். அதைத் தயவுசெய்து பாராட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

போன வாரம் அம்மா அந்தச் சுடிதாரைக் கழற்றித் தரச் சொன்னாள். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கருப்பு நூலை ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். துணியில் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. பிறகு பெட்டியிலிருந்து ஒரு கண்டை எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

"ஏட்டி, இது நீலந்தானே?"

நான் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனேன். கண்டை வாங்கி, படியிறங்கி, வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தேவைக்கு மேலேயே பார்த்தேன்.

"நீலம்மா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"எனக்கும் தெரியுது" என்று கண்டை வாங்கிக்கொண்டாள். துணி மேல் குனிந்துகொண்டதால் அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. நூலைக் கோத்து மெஷினை ஓட்டினாள். அன்றைக்குத் தைக்க வீட்டில் வேறு துணி இல்லை.